வாட்ச்மேனுக்கு ஓர் இடம்

…இந்தத் தொட்டிச் செடியில் விரல் நீளத் துண்டு ஒன்று போதும், அதுவே ஒரு ஏரியை மூடிவிடும் என்றுதான் நோட்டீஸில் போட்டிருக்கிறது, அவரே பசை தடவி ஒட்டிய நோட்டீஸ், அவர் வேலை பார்க்கும் நீரேற்று நிலையத்து வாசலில் ஒன்று, படித்துறையில் ஒன்று, பஸ் நிறுத்தத்தில் ஒன்று, அப்படியிருக்க இங்கே விரல் நீளம்கூட மிச்சம் வைக்கலாமா, கூடாது, என்று டீ வடிகட்டியும் கையுமாக அக்காவின் மீன்தொட்டி முன்னால் மண்டியிட்டு அரை மணி நேரம் ஆகிவிட்டது. வடிகட்டி அக்காவின் சமையலறையில் எடுத்தது, அதற்கு ஏற்கெனவே ஒரு திட்டு வாங்கியாகிவிட்டது. செடியின் பெரிய கொத்துகளை முந்தாநாளே பிடுங்கி மொட்டைமாடியில் பேப்பர் விரித்துக் காயப் போட்டிருந்தார், இரண்டு நாள் வெயிலில் அது சுருண்டு, கறுத்து, தொட்டால் நொறுங்குகிறது, இனி அதை உறையில் போட்டுக் கட்டிக் குப்பையில் சேர்க்கலாம், பயமில்லை. பயமெல்லாம் இந்தத் துணுக்குகளில்தான். கூழாங்கற்களுக்கு இடையில் ஒன்று, மோட்டார் வாயில் ஒன்று, கண்ணாடி மூலையில் மீசை மயிர் மாதிரி ஒன்று… எடுத்தாச்சு என்று எழுந்தால் இன்னொன்று மிதக்கிறது. வேலைக்குப் போகும் இடத்திலும் இதே வேலை, லீவு போட்ட நாளிலும் இதே வேலை. தலையெழுத்து என்று யாரையாவது நொந்துகொள்ளலாம், ஆனால் எழுதியது யார் என்று அவருக்குத் தெரியும் என்பதுதான் சங்கடம்.

“என்னடா, தொட்டியைக் காலி பண்றியா, இல்ல அதுக்குப் பேன் பாக்குறியா?” என்று அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அக்கா கேட்டாள். ஒரு மணிக்கு வேன் வருகிறது. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, இரண்டு முழங்காலும் போய்விட்டது, இனி படியேறினால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் நாலு தெரு தள்ளி தரைத்தளத்தில் ஒரே ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு பீரோ, அதற்கு மேல் வைத்தால் ஆள் நிற்க இடமில்லை. நாலடி நீளத் தொட்டிக்கு அங்கே ஏது இடம். போன வாரமே அக்கா கையை விரித்துவிட்டாள், மீனெல்லாம் உன் பொறுப்பு, உனக்குத்தான் அது கைவந்த கலையாச்சே என்று. ஆறு தங்கமீனும் முந்தாநாள் பல் டாக்டர் கிளினிக்குக்குப் போய்விட்டன. அங்கே காத்திருக்கிறவர்கள் உட்காரும் அறையில் தொட்டி ஒன்று பாதி காலியாக இருந்தது, டாக்டர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார், பல்லைப் பிடுங்கப் போகிறவன் கொஞ்ச நேரம் எதையாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் இல்லையா. மிச்சம் இருப்பது வாட்ச்மேன் ஒன்றுதான்.

வாட்ச்மேன் என்று பேர் வைத்தது அக்கா. பகல் முழுக்கக் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும், ஆள் வந்தால் ஒரு கண்ணை மட்டும் உருட்டிப் பார்க்கும், கீழே கேட்டில் இருக்கிறவரைவிட இது பரவாயில்லை, தூங்குற மாதிரி நடிக்காது என்பாள். வாங்கும்போது சுண்டுவிரல் அளவு, பாசி தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று கடைக்காரர் தலையில் கட்டிய மீன், ஒன்பது வருஷத்தில் முழங்கை நீளம் ஆகிவிட்டது, உடம்பெல்லாம் தகடு அடித்த மாதிரி செதில், கறுப்பில் பழுப்புக் கோலம். இதை யார் எடுப்பார்கள்? பல் டாக்டர் தொட்டியில் திரும்பக்கூட முடியாது. கடைக்காரர், அதே கடைக்காரர், “இந்த சைஸ் வேணாம் சார், நாலடித் தொட்டி இருந்தா இன்னும் பத்து வருஷம் ஜம்முனு இருக்கும், இல்லன்னா ஏரியில விட்டுடுங்க, எல்லாரும் அதான் பண்றாங்க” என்றார், அதைக் கேட்டு அவருக்குக் காது சூடாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கேட்டார், லீவில் யார் பார்ப்பது என்றார்கள். பூங்காவின் மீன் காட்சிசாலையில் இதே ஜாதியில் நாற்பது இருக்கிறதாம், நீங்கள் வேண்டுமானால் நாலு எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். கேட்ட எல்லோரும் கடைசியில் ஒரே மாதிரி, ஏன் நீங்களே வச்சுக்கலாமே என்றார்கள், அவரும் ஒரே மாதிரி, எனக்கு ஷிஃப்ட் வேலை என்றார். நல்ல பதில். எத்தனையோ வருஷமாக, எத்தனையோ கேள்விக்கு உதவியிருக்கிற பதில், இன்னும் ஏழு மாதத்தில் ரிட்டயர்மெண்ட் வரும்போது இதையும் சாவியோடு சேர்த்து ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

“ஏரிக்குத்தானே கொண்டு போற?” ஆமாக்கா என்று வாய் சொல்லிவிட்டது. வாய்க்கு என்ன, அது பாட்டுக்குச் சொல்லும். காலையில் இருந்து இது மூன்றாவது தடவை, மூன்று தடவையும் ஆமாக்கா, மூன்று தடவையும் வடிகட்டிக்குள் எதையோ தேடுகிற பாவனை. நேற்று இரவு படுத்துக்கொண்டு, நாளைக்குப் போனதும் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும், அக்கா, ஏரியில் விடக் கூடாது, அது தப்பு என்று, அவ்வளவுதானே, ஆறு வார்த்தை, என்று எண்ணி வைத்திருந்தார். ஆனால் அந்த ஆறு வார்த்தையோடு நிற்குமா? அப்போ அன்னைக்கு நீ விட்டது என்று கேட்பாளே. அக்கா விடமாட்டாள், நூலைப் பிடித்தால் உருண்டை முடியும்வரை இழுப்பவள். அந்தக் கதையை அவள் சொல்லாத கல்யாணம் உண்டா, சொல்லாத சொந்தக்காரர் உண்டா… என் தம்பி வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டான், ஆனா ஒரு மீனைக்கூட சாக விடமாட்டான், பக்கெட்ல வச்சுத் தூக்கிட்டுப் போய் ஏரியில விட்டுட்டு வந்தவன், நான் கண்ணால பார்த்தேன். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், எதிர் வீட்டு டீச்சர், பல்செட் செய்கிறவர் வரை எல்லோருக்கும் தெரியும். ஐம்பத்தொன்பது வயதில் அவரைப் பற்றி ஊரில் புழங்குகிற நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அதையும் தானே போய் அடித்துவிட்டு வர வேண்டும் என்றால் யாருக்குத்தான் கை வரும்.

அது நடந்து பதினாலு வருஷம். அவர் வீட்டிலும் ஒரு தொட்டி இருந்தது, இதைவிடச் சின்னது, அதில் இதே ஜாதி இரண்டு, இதே செடி. அப்போது மகள் பாப்பாவுக்கு எட்டு வயது. வீட்டில் மீனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போய், கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றபோது பாப்பா அழுதாள், கடையில் பையில் கட்டித் தொங்கவிடுவார்கள் அப்பா என்று அழுதாள், சரி அழாதே, ஏரியில் விட்டுவிடலாம், நிறையத் தண்ணீர், நிறைய நண்பர்கள் என்று சமாதானம் சொல்லி, அவருக்கு ஷிஃப்ட் இருந்த ஒரு நாள், பகல் பதினொரு மணிக்கு, நிலையத்துக்குள் இருக்கிற, ஏரியோடு சேர்ந்த கிணற்றுப் படியின் கதவை ஆபீஸ் சாவியால் திறந்து, அங்கே வலை போடுகிறவர்கள் வரமாட்டார்கள், தண்ணீர் அமைதியாக இருக்கும் என்று யோசித்துப் பார்த்து, எவ்வளவு அக்கறை பாருங்கள், இரண்டையும் இறக்கிவிட்டார். மீன் மட்டும் இல்லை, ஒரு பக்கெட் செடியும். புது இடம், போனதும் சாப்பாட்டுக்கு எங்கே போகும், கூடவே கொஞ்சம் இருக்கட்டும் என்று. பயணம் போகிறவர்களுக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுக்கிற மாதிரி. அக்கா குடை பிடித்துக்கொண்டு நின்றாள், பாப்பா டாட்டா காட்டினாள். மீன் இரண்டும் ஒரு நிமிஷம் படியிலேயே ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, போகட்டுமா என்று கேட்கிற மாதிரி, அப்புறம் இருட்டுக்குள் போய்விட்டன.

இரண்டு வருஷத்தில் முதல் கொத்து கம்பிவலையில் வந்து மாட்டியது. ஏரித் தண்ணீர் பம்புக்குள் போகிற வாயில் ஆள் உயரக் கம்பிவலை, அதில் சேர்கிற குப்பையை ஷிஃப்டுக்கு ஒரு தடவை வாரி எடுக்க வேண்டும், பிளாஸ்டிக் பை, தேங்காய் மட்டை, ஒற்றைச் செருப்பு, அவ்வளவுதான் அதுவரை. அன்றைக்கு வாரியில் பச்சையாக, நரிவால் மாதிரி புசுபுசு என்று ஏதோ வந்தது, கையில் எடுத்துப் பார்த்தவர், அடடே, நம்ம செடி இல்ல… என்று, சிரிப்பு வருமே, தெரிந்தவரை வெளியூரில் பார்த்தால் வருகிற சிரிப்பு, அப்படித்தான் சிரித்தார். அதற்கு அடுத்த வருஷம் ஷிஃப்டுக்கு மூன்று தடவை வார வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த வருஷம் பம்பு இரண்டு தடவை நின்று பாதி ஊருக்குத் தண்ணீர் இல்லை. பிறகு வலை போடுகிறவர்கள் வந்தார்கள், தகடு தகடாக ஒரு மீன் வருகிறது சார், வலையைக் கிழித்துவிடுகிறது, தின்னவும் ஆகாது, விற்கவும் ஆகாது. பிறகு கரையில் வளை வளையாகப் பொத்தல். புதிதாக வந்த என்ஜினியர் மேடம் ஒரு பொத்தலில் கையை விட்டு அளந்து பார்த்தார், தோள்வரை போயிற்று. கரை உடைஞ்சா யார் பதில் சொல்றது, எந்த மடையன் கொண்டுவந்து விட்டானோ என்று கூட்டத்தில் அவர் கேட்டபோது எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எந்த மடையனோ மேடம் என்று சத்தமாகச் சொன்னவர் ஒருத்தர்தான். அந்தச் சத்தத்தில் ஏதோ அக்கறை தெரிந்திருக்க வேண்டும், நோட்டீஸ் ஒட்டுகிற பொறுப்பு அவருக்கே வந்தது.

தொட்டித் தண்ணீரை ஹோஸ் குழாயால் கீழே இறக்க வேண்டும். சாக்கடையில் விடலாம், பத்தடி தூரம், ஆனால் சாக்கடை கால்வாய்க்குப் போகிறது, கால்வாய் எங்கே போகிறது என்று அவருக்கா தெரியாது. அதனால் குழாயின் ஒரு முனையில் பழைய வேட்டித் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டி, அந்த முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையைக் குனிந்து வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு, பால்கனி வழியாகக் கீழே வாதாமரத்தின் அடியில் விழுகிற மாதிரி இறக்கினார், உறிஞ்சியதில் ஒரு மிடறு உள்ளேயே போய்விட்டது, மீன், பாசி, துரு, எல்லாம் கலந்த ஒரு ருசி… இந்த ருசி தெரியும், எங்கேயோ… பாப்பாவின் அம்மாவும் இப்படித்தான் உறிஞ்சுவாள், துப்பிவிட்டுச் சிரிப்பாள். கீழ்வீட்டுக்காரர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, “என்ன சார், மரத்துக்கு மினரல் வாட்டரா?” என்றார். சத்து நிறைய சார் என்று இவரும் ஏதோ சொல்லி வைத்தார். தண்ணீர் மட்டம் மெல்ல இறங்கியது. வாட்ச்மேன் கண்ணாடியை விட்டு அடியில் இறங்கி, மோட்டார் பக்கத்தில் போய் ஒண்டிக்கொண்டது.

சரி, அந்த இரண்டும்தானா? இதையும் எத்தனை தடவை கணக்குப் போட்டாயிற்று. இரண்டும் ஆணாக இருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. இரண்டும் பெண்ணாக இருந்தாலும் இல்லை. ஊரில் தொட்டி வைத்திருக்கிறவர்கள் எத்தனை பேர், கடைக்காரர் ஏரியில் விடு என்று சொல்லி அனுப்பியவர்கள் எத்தனை பேர், எல்லோரும் அதைத்தானே செய்கிறார்கள். மீனுக்கு அப்படிச் சொல்லித் தப்பிக்கலாம், செடி? செடிக்கு ஆணும் வேண்டாம் பெண்ணும் வேண்டாம், விரல் நீளம் போதும், அவர் போட்டது ஒரு பக்கெட், அதுவும் பம்புக்குத் தண்ணீர் போகிற கிணற்றிலேயே. முதல் கொத்து வந்து மாட்டியதும் அங்கேயேதான். ஆக, பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஷிஃப்டுக்கு மூன்று தடவை அவர் வாரிப் போடுவது அவரே கட்டிக் கொடுத்த சோறு. இதை நினைக்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், ராத்திரி தூக்கம் வராது என்றெல்லாம் சொன்னால் அது பொய். நன்றாகவே தூங்குவார். வாரும்போது மட்டும் ஒன்றிரண்டு தடவை, சும்மா, மற்றவர்களைவிடக் கொஞ்சம் ஆழமாக வாருவார், அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு என்ஜினியர் மேடம், உங்களை மாதிரி ஒருத்தர் போதும் சார் என்று சொல்லியிருக்கிறார்.

சட்டைப் பையில் இருக்கிற குட்டி பாட்டில் குனியும்போதெல்லாம் நெஞ்சில் குத்தியது. கிராம்பு எண்ணெய். யாரும் எடுக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று கால்நடை டாக்டரிடம் போனில் கேட்டதற்கு, அவர் பொறுமையாகச் சொன்னார், எத்தனை சொட்டு, எத்தனை தண்ணீர், எவ்வளவு நேரம், முதல்ல தூங்கிடும், வலி தெரியாது, அப்படியே போயிடும், அப்புறமும் அவசரப்படாம இருங்க, ஏரியில விடுறதுக்கு இது எவ்வளவோ மேல். எண்ணெய் வாங்கப் பல் டாக்டரிடம்தான் போனார். எந்தப் பல் என்று கேட்டார் டாக்டர், மீனுக்கு என்றார் இவர், மீனுக்குப் பல்வலியா சார் என்று டாக்டர் சிரித்த சிரிப்பில் தொட்டியில் இருந்த ஆறு தங்கமீனும் மூலைக்கு ஓடின. இடது பக்கம் எண்ணெய். வலது பக்கம், பேண்ட் பையில், கிணற்றுப் படியின் சாவி, அது எப்போதும் அங்கேயே இருக்கிறது, லீவு நாளிலும். இங்கேயிருந்து ஏரி பத்து நிமிஷம். சனிக்கிழமை மதியம் ஷிஃப்டில் இருக்கிறவர் சாப்பிடப் போயிருப்பார். ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் இருக்கிற இடத்தில் இன்னும் ஒன்று… சமுத்திரத்தில் ஒரு சொட்டு. ஆமாக்கா என்று மூன்று தடவை சொன்னது பொய்யாகவும் ஆகாது. அக்காவுக்குக் கதையில் இன்னொரு வரி கிடைக்கும், போன மாசம்கூட என் தம்பி… என்று. யாருக்கும் எதுவும் ஆகாது. ஒன்பது வருஷம் காவல் காத்தவனைச் சொட்டு மருந்து விட்டுத் தூங்க வைப்பதைவிட, இது எவ்வளவோ லேசு. லேசு என்பதுதானே அன்றைக்கும்…

வலை போட்டுப் பிடிக்கக் கூடாது, துடுப்பில் இருக்கிற முள் மாட்டிக்கொண்டால் கிழித்தால்தான் வரும், அதனால் அகலமான பிளாஸ்டிக் டப்பாவைச் சாய்த்து வைத்து, பின்னால் கையைக் கொண்டுபோய், போ, போ என்று ஓட்டினார். இரண்டு தடவை ஏமாற்றிவிட்டு மூன்றாவது தடவை உள்ளே போயிற்று. தொட்டித் தண்ணீரையே பாதி பக்கெட் பிடித்து வைத்திருந்தார், அதில் இறக்கியதும் வளைந்து, பக்கெட்டின் பக்கத்தில் வாயை ஒட்டிக்கொண்டு நின்றது. அக்கா தடியை ஊன்றிக்கொண்டு எழுந்து வந்தாள், நாலு எட்டு வைப்பதற்கு நாலு தடவை நின்றாள், குனிய முடியாமல் மேலிருந்தே பார்த்தாள். “போய்ட்டு வா வாட்ச்மேன், உன் ஆளுங்க அங்க இருக்காங்க,” என்றாள், அவரைப் பார்த்து, “அந்த ரெண்டையும் விட்டியே, அதே படியிலயே விடுடா, பழகின இடமா இருந்தா தேடிப் பிடிச்சுக்கும்.”

அவர் டப்பாவைத் துடைத்தார். துடைத்ததையே இன்னொரு தடவை துடைத்தார். “அக்கா, ஏரியில விடக் கூடாது” என்றார். எண்ணி வைத்திருந்த மிச்ச வார்த்தைகள் வரிசை மாறி வந்தன. அங்கே இதெல்லாம் பெருகிப் போச்சு, கரையைப் பொத்தல் போடுது, வலையைக் கிழிக்குது, செடி பம்பை அடைக்குது, நோட்டீஸே நான்தான் ஒட்டியிருக்கேன். அவர் பயந்தபடியே அக்கா, “அப்போ அன்னைக்கு நீ விட்டது?” என்றாள். தப்புதான் என்றார். “என்னாலதான் ஆச்சுன்னு நினைக்கிறேன். செடி கண்டிப்பா என்னாலதான்.” சொல்லி முடித்ததும், இவ்வளவுதானா என்று இருந்தது, ஒரு பக்கெட்டைக் கீழே வைத்த மாதிரி கூட இல்லை. அக்கா நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். அதற்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேடா என்றாள், ஏதோ கடையில் பையை மறந்துவிட்டு வந்தவள் மாதிரி. அவருக்கு அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. “நான் என்ன பண்றது, பாப்பா அப்படி அழுதா. அவளுக்காகத்தான்.”

“அவ எங்கடா அழுதா?” என்றாள் அக்கா. “அவ ஐஸ் தின்னுட்டு நின்னா. ஃப்ராக்கெல்லாம் ஒழுகவிட்டு, நான்தான் துடைச்சுவிட்டேன். நீதான் அழுத. படியில உக்காந்து, பக்கெட்டை மடியில வச்சுக்கிட்டு, குலுங்கிக் குலுங்கி அழுத. வெயிலுக்காடா நான் குடை பிடிச்சேன்? ஆபீஸ் ஆளுங்க பாத்துடப் போறாங்கன்னு பிடிச்சேன்.” முழங்காலைத் தடவிக்கொண்டு, “பாப்பாவோட அம்மா போனப்போ நீ அழல. ஆஸ்பத்திரியில அழல, வீட்டுக்குக் கொண்டு வந்தப்போ அழல, வந்தவங்களுக்கு நாற்காலி போட்டுட்டு இருந்த. என் தம்பிக்கு என்ன ஆச்சோன்னு ரெண்டு மாசம் உங்க வீட்டுலயே கிடந்தேன். அதனாலதான் எல்லார்கிட்டயும் சொன்னேன். மீனுக்காகவா சொன்னேன்?” என்றாள்.

பொய் சொல்கிறாளா? அக்கா கதைக்குக் கைகால் வைப்பவள்தான், ஆனால் ஐஸ்… ஆமாம், ஐஸ் இருந்தது, ஆரஞ்சு நிறம், குச்சியைப் படியில் போட்டாள், அதை அவர் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார், தண்ணீரில் போகக் கூடாது என்று. அது ஞாபகம் இருக்கிறது. மீன் படியில் ஒட்டிக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது. பாப்பாவின் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தது இருபத்திரண்டு நாள், மார்ச் மாதம் போய்விட்டாள், மீனை விட்டது மே மாதம், தேதிகூடச் சொல்வார். அந்த இரண்டு மீனும் அவள் வாங்கியது, தீனி போடுவது, தண்ணீர் மாற்றுவது எல்லாம் அவள், மீன் இவரைக் கண்டால் மூலைக்குப் போகும், அவள் வந்தால் கண்ணாடிக்கு வரும். அவள் போன பிறகும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கண்ணாடிக்கு வந்து நின்றன. வந்து நின்றதைப் பார்க்க முடியவில்லை. அதனால்தானே… பாப்பா அழுதாள் என்று எப்போது முதல் தடவை சொன்னார்? யாரிடம்? பாப்பா இப்போது வேறு ஊரில் படிக்கிறாள், நீ அழுதாயே ஞாபகம் இருக்கா என்று அவளிடமே ஒரு தடவை கேட்டிருக்கிறார், அவள் அப்படியாப்பா என்றாள், அவ்வளவுதான். குலுங்கிக் குலுங்கி என்றால் தோள் வலித்திருக்குமே. வலித்ததாக ஞாபகம் இல்லையே. இத்தனை வருஷமாக அவர் காப்பாற்றி வைத்திருந்த நல்ல பேர் அந்தப் பேரே இல்லை என்றால், எதற்காக இவ்வளவு பயந்தார்?

வேன் வந்துவிட்டது. லோடு ஏற்றுகிற இரண்டு பேர் மூச்சு வாங்க மேலே வந்து, கட்டிலைப் பிரித்து, பீரோவைச் சாய்த்து, பெட்டி பெட்டியாக இறக்கினார்கள், அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே, பார்த்துப்பா, கண்ணாடிப்பா, மெதுவாப்பா என்று தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். காலித் தொட்டியைப் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. கூழாங்கற்களின் மேல் இரண்டு கெட்டில் வெந்நீர் ஊற்றி வைத்திருந்தார், நத்தை ஏதாவது இருந்தால் போகட்டும் என்று, அதிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. லோடு ஆட்களில் பெரியவர் தொட்டியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது பழைய சாமானுக்குத்தானே சார்?” என்றார். இல்லை, அது என் வீட்டுக்கு என்றார் அவர். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அக்கா தலையைத் திருப்பிப் பார்த்தாள். “பேப்பர் போட்டு வைக்க ஆகும்” என்று அவரே சொன்னார்.

பக்கெட்டை வலது கையில் எடுத்துக்கொண்டு, இடது கையால் அக்காவைத் தாங்கி, ஒவ்வொரு படியாக இறங்கினார். ஒரு படி, நின்று, ஒரு படி, தண்ணீர் தளும்பி அவர் கால்மேல் விழுந்தது. குனிந்து பார்த்தார், வாட்ச்மேன் பக்கெட்டில் ஒட்டிக்கொண்டு ஒரு கண்ணை மேலே உருட்டியிருந்தது. எண்ணெய் பாட்டில் பையில்தான் இருக்கிறது, சாவியும் இருக்கிறது. இன்றைக்கு என்ன கிழமை, சனி, நாளை மறுநாள் காலை ஷிஃப்ட், இரண்டு மணிக்கு முடிந்துவிடும், ஆறு மணிக்கு வீட்டில் இருக்கலாம்… எதற்கு ஆறு மணி? இரண்டாவது மாடித் திருப்பத்தில் அக்கா மூச்சு வாங்க நின்றாள், அவரும் நின்றார். வீட்டில் ஏற்கெனவே ஒரு தொட்டி இருக்கிறது, பாப்பாவின் அம்மாவுடையது, அலமாரிக்குப் பக்கத்தில் அதே இடத்தில், மீனை விட்டுவிட்டு வந்த அன்றைக்கே அதில் பழைய பேப்பரை அடுக்கி வைத்தார், நிறைந்ததும் எடுத்துப் போட்டுவிடலாம் என்று. பதினாலு வருஷமாகத் தினமும் ஒரு பேப்பர் வீட்டுக்கு வருகிறது, விளிம்புக்கு வருவதற்குள் பாதியை எடுத்து எடைக்குப் போட்டுவிடுவார். அந்தத் தொட்டி இன்னும் நிறையவே இல்லை.